அறக்கோட்டம் எது?

பசிப்பிணி தீர்த்தலைப் பேரறமாகப் போற்றிய காப்பியம் மணிமேகலை. பிச்சையேற்றுப் பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் கால் முடமுற்றோர்க்கும் முதலில் அளித்து, எஞ்சியதையே உண்டவன் ஆபுத்திரன். அவன் கையிலிருந்த அமுதசுரபியைப் பின்னாளில் பெற்ற மணிமேகலை, சிறையிலிருந்தோர்க்குச் சோறு அளித்ததோடு அமையவில்லை. அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாகவும் மாற்றினாள். உணவு அறத்தின் தொடக்கமே. முடிவன்று என்பதை அவள் உணர்ந்திருந்தாள்.

நாம் அதனை மறந்த நாளும் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அடைக்கலம் தந்த இடமே அங்குச் சிறைக்கோட்டம் ஆயிற்று.

இரும்புச் சங்கிலி மட்டுந்தான் தளையா? மாற்றுத்திறனாளிகள் தங்கி வாழும் இல்லம் ஒன்றில், காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையே சுவரை நோக்கி அமர்ந்திருப்பதைத் தவிர ஒருவருக்கு வேறொன்றும் இல்லையெனில், அதுவும் தளையே. இயக்கப்படாத மூட்டுகள் இறுகுகின்றன. நெடுநேரம் ஒரே நிலையில் கிடப்பவர்க்குப் படுக்கைப்புண் உண்டாகிறது. இயன்முறை மருத்துவம் இவற்றைத் தடுக்கிறது. கரண்டியைப் பிடிக்கவும் பொத்தானை இடவும் தரப்படும் பயிற்சி, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையைக் குறைக்கிறது. பேச இயலாதவர் படப்பலகையைத் தொட்டுத் தம் தாகத்தையும் வலியையும் உணர்த்துகிறார்; 'வேண்டாம்' என்றும் சொல்கிறார். அந்த 'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு இல்லம் செவிசாய்த்தல் வேண்டும். விருப்பம் அறியாது திணிக்கப்படும் சிகிச்சையும் மற்றொரு தளையாகிவிடும்.

இசை, தோட்டம், ஓவியம், விளையாட்டு ஆகியன மிகையான செலவு என்பர் சிலர். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 2007இல் இந்தியா ஒப்புதல் அளித்த உடன்படிக்கை, இவற்றை உரிமை என்றே கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் உரிமையாக ஏற்கிறது.

வல்லுநர்கள் போதிய அளவில் இல்லை என்பது உண்மையே. ஆயினும், வல்லுநர் கற்பிக்கும் முறையைப் பராமரிப்பாளர் அறிந்துகொண்டால் குளிப்பாட்டுதலும் உணவூட்டலும்கூடப் பயிற்சியாக மாறும். 'இன்று எந்தச் சட்டை?' என்று கேட்பதற்குப் பொருட்செலவு இல்லை. கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த நிலையிலும் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். கல்வியையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் தொழிற்பயிற்சியையும் அது ஒருங்கே வழங்கிவருகிறது. உதவி பெறுபவராக மட்டுமே கருதப்படுபவர், பிறர்க்கு வழி அமைப்பவராகவும் திகழ முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பிறந்தநாளில் இல்லங்களுக்கு ஒருவேளை உணவளிப்பது நம்மிடையே வழங்கும் நல்வழக்கம். மாணவர்களே, அடுத்தமுறை உணவளித்த கையோடு திரும்பிவிடாதீர்கள். ஒருவர் அருகே அமர்ந்து பல்லாங்குழி ஆடுங்கள், அவர் விரும்பும் பாடலைக் கேளுங்கள், மறுவாரமும் செல்லுங்கள். வயிற்றுக்குச் சோறும் நாளுக்குப் பொருளும் சேர்ந்து கிடைக்கும் இடமே அறக்கோட்டம்.