மோட்டார் கார்டுக்கும் ஒரு கலங்கல் வேண்டும்!

கேள்வி: ''ஒரு ஏக்கரில் கீரையும் வெண்டையும் சாகுபடி செய்கிறேன். போர்வெல் மோட்டாருக்குச் செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். ஒரே வருஷத்தில் மூன்று முறை அதன் உள்ளே இருக்கும் கார்டு போய்விட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. புது கார்டு வந்து சேர்வதற்குள் கீரை வாடிவிடுகிறது. 'இடி, மின்னலுக்கு வாரன்டி கிடையாது' என்கிறார் கடைக்காரர். இதற்கு என்ன வழி?''
- படப்பை பக்கத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: மோட்டார் தப்பித்து, கார்டு மட்டும் போவதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் காயிலின் காப்பு, கண நேரத்துக்கு வரும் ஆயிரம் வோல்ட்டைக்கூடத் தாங்கும். ஆனால், கார்டில் உள்ள சிப்புகள் 3.3 அல்லது 5 வோல்ட்டில் வேலை செய்பவை. கொஞ்சம் அதிகமாக வந்தாலே உயிரை விட்டுவிடும்.

தாம்பரத்தைத் தாண்டி படப்பை, மண்ணிவாக்கம், வண்டலூர் பக்கம் போனால் கொல்லைகளுக்கு மின்சாரம் கம்பத்துக் கம்பியில்தான் வருகிறது. மின்னல் நேராகக் கம்பியில் விழ வேண்டும் என்பதில்லை. கொஞ்ச தூரத்தில் விழுந்தாலே, கம்பியில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்படும். அது நீடிப்பது ஒரு விநாடியில் லட்சத்தில் சில பங்கு நேரம்தான். கார்டைக் கொல்ல அது போதும். சித்திரை, வைகாசி கோடை இடியிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கார்டுகள் அதிகம் போவது இதனால்தான். லைனை நிறுத்திக் கொடுக்கும்போதும், ஸ்டார்ட்டரின் காயில் விடுபடும்போதும்கூட சின்னச் சின்ன எழுச்சிகள் வரும்.

கலங்கல் போல ஒரு வில்லை

ஏரியில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், கலங்கல் வழியாக வெளியேறிக் கரையைக் காப்பாற்றும். அதே வேலையைச் செய்கிற பொருளுக்கு எம்.ஓ.வி. (வேரிஸ்டர்) என்று பெயர். நாணயம் அளவில், நீலம் அல்லது சிவப்பு வில்லையாக இரண்டு காலுடன் கார்டில் நிற்கும். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்ஸைடு. நெல்லுக்கு ஜிங்க் சல்பேட்டாக இடுகிறோமே, அதே துத்தநாகம்தான். சாதாரண வோல்டேஜில் இது மின்சாரத்தைக் கடத்தாது. அளவு தாண்டியதும் சட்டெனக் கடத்தி, எழுச்சியைத் தன் வழியே இறக்கிவிடும். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் குடை குடையாக அடுக்கியது போல நிற்கும் இடிதாங்கிகளில் இப்போது இருப்பதும் இதே துத்தநாக ஆக்ஸைடு வில்லைகள்தான்.

இன்னொன்று, டி.வி.எஸ். டையோடு. இது சிலிக்கானால் ஆனது. எம்.ஓ.வி.யைவிட வேகமானது, ஆனால், தாங்கும் சக்தி குறைவு. அதனால் மெயின் லைனில் எம்.ஓ.வி., 5, 12, 24 வோல்ட் பகுதியில் டி.வி.எஸ். என்று இரண்டு அடுக்காகப் போடுவார்கள். தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாருக்கும் சொட்டுநீர் வால்வுக்கும் நீளமாக ஒயர் இழுத்திருந்தால், மின்னல் அந்த வழியாகவும் கார்டுக்குள் வரும். அங்கும் டி.வி.எஸ். அவசியம்.

என்ன அளவு வாங்குவது?

ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இதற்கு 275 வோல்ட் எம்.ஓ.வி.யைப் பலர் போடுகிறார்கள். ராத்திரியில் வோல்டேஜ் ஏறும் ஊர்களில் 320 வோல்ட் அளவு நல்லது. இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் என்பதால், அங்கே 510 வோல்ட் அளவு வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ளது, சிறியவற்றைவிட அதிக எழுச்சியைத் தாங்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், ரிச்சி தெருவில் சில்லறை விலைக்கே கிடைக்கும். அளவு சரியாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

கொட்டகை மெயின் சுவிட்ச் அருகில் எஸ்.பி.டி. என்ற எழுச்சித் தடுப்பானைப் பொருத்துவது இன்னும் நல்லது. அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் எம்.ஓ.வி.தான். பல மாடல்களில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சை, சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பெரிய எழுச்சி ஒவ்வொன்றும் எம்.ஓ.வி.யைக் கொஞ்சம் தேய்க்கும். இது ஆயுளுக்கும் உழைக்கிற பொருள் அல்ல.

எர்த் இல்லாவிட்டால் எல்லாம் வீண்

கலங்கலுக்குக் கீழே வாய்க்கால் தூர்ந்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? எர்த் சரியில்லாத கொட்டகையில் எழுச்சித் தடுப்பானின் கதையும் அதுதான். எர்த் குழாய் குறைந்தது 2.5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். பல்லாவரம், தாம்பரம் பக்கத்துப் பாறை நிலத்தில் காய்ந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கும். தடுப்பானுக்கு வரும் ஒயரும், அங்கிருந்து எர்த்துக்குப் போகும் ஒயரும் முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் இருக்கட்டும். ஒயர் நீண்டால் அதிலேயே பல நூறு வோல்ட் தங்கி, கார்டுக்குத் திரும்பும்.

இதில் ஏமாறக் கூடாது

எம்.ஓ.வி. தடுப்பது கண நேர எழுச்சியை மட்டும். நியூட்ரல் அறுந்து, 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை தொடர்ந்து வந்தால், அது சூடாகி எரியும். கீற்றுக் கொட்டகையாக இருந்தால் தீ பிடிக்கும் ஆபத்து உண்டு. அதனால், எம்.ஓ.வி.க்கு முன்னால் ஃபியூஸ் கட்டாயம். தொடர்ந்து வரும் ஹை வோல்டேஜுக்கும், ஒரு பேஸ் போவதற்கும் தனித்தனி ரிலே உண்டு. ஸ்டார்ட்டரில் அவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னை புறநகரில் எத்தனையோ கம்பங்கள் சாய்ந்தன. அப்படி நின்று வரும் மின்சாரம் முதலில் தடுமாறும். மெயினை அணைத்து வைத்திருந்து, லைன் நிலைத்த பிறகு போடுவதே நல்லது.

படப்பை வாசகர் இப்போது செய்ய வேண்டியவை: போன கார்டை வீசிவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டட்டும். வில்லை வெடித்தோ கருகியோ இருந்தால், சில சமயம் அதையும் ஃபியூஸையும் மாற்றினாலே கார்டு பிழைக்கும். வில்லையைக் கழற்றிவிட்டு நேராக ஓட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. எர்த்தை வயர்மேனிடம் அளந்து பார்க்கச் சொல்லட்டும். அடிக்கடி வோல்டேஜ் ஏறி இறங்கினால், மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிவு செய்யலாம். கைபேசியில் இயக்கும் பம்புசெட் கருவிக்கு மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. மின்னல் நேராக விழுந்தால் எந்த வில்லையும் நிற்காது. வானம் கறுக்கும்போதே மெயினை இறக்கிவிட வேண்டும். இடி கேட்ட பிறகு, கார்டைக் காப்பாற்ற மோட்டார் கொட்டகைக்கு ஓடக் கூடாது. மின்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும் 'தாமினி' செயலியைக் கைபேசியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். கார்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். கீரையையும் மறுபடி விதைக்கலாம். போன ஆளை யாராலும் திருப்பித் தர முடியாது.