டியூஷனும் ஜெபமும்: கிறிஸ்தவ மாணவத் தோழர்களுக்கு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லூரிப் பிள்ளைகள் வருவது புதிதல்ல. வேனில் வந்து இறங்குவார்கள். வேப்பமரத்தடியில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள், நோட்டு கொடுப்பார்கள், பெரியவர்களுக்கு பிரஷர் பார்ப்பார்கள். கிளம்பும் முன் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கையில் ஒரு துண்டுப் பிரசுரம். அப்படி வருகிற தம்பி தங்கைகள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: சேவையையும் சுவிசேஷத்தையும் சேர்த்துச் செய்வது தப்பா தோழர்?

தப்பு என்று கத்துகிறவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். "அரிசிக்கு மதம் மாறினவன்" என்ற ஏச்சு இந்தக் கரிசல் காட்டில் பழையது. 1854ல் ராக்லண்ட் என்ற மிஷனரி சிவகாசியை மையமாக வைத்து, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் பிரசங்கம் செய்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த மனிதர். 1858ல் சிவகாசியிலேயே இறந்தார். அவர் பேச்சைக் கேட்டு மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பின்னால் வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. கால்டுவெல் பிஷப்பானதும் அப்போதுதான். மிஷனரிகள் நிவாரணம் கொடுத்தார்கள், திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். ஏச்சு அங்கிருந்து வருகிறது. செத்துக்கொண்டிருந்தபோது கஞ்சி ஊற்றியவனை நம்புவதில் என்ன கேவலம்? ஊற்றாதவர்கள்தானே வெட்கப்பட வேண்டும்?

1981ல் மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் இஸ்லாத்துக்குப் போனபோது பஞ்சமும் இல்லை, கஞ்சித் தொட்டியும் இல்லை. அப்போதும் வளைகுடாப் பணம் என்றார்கள். 2002ல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒரு படி மேலே போனது. சிறுவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினரை மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. பட்டியலைப் பாருங்கள்: சுயபுத்தி இல்லாதவர்கள் என்று அரசு நினைத்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். 2004ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நினைப்பைத் திரும்பப் பெறவில்லை.

ஆக, நீங்கள் வருவதும் உங்கள் விசுவாசத்தைப் பேசுவதும் உங்கள் உரிமை. கேட்பதும் மறுப்பதும் எங்கள் உரிமை. ஆனால் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிற கிழவியிடம், மாத்திரை கைக்கு வருமுன் "ஜெபிக்கலாமா அம்மா" என்று கேட்டால் அவர் எப்படி வேண்டாம் என்பார்? ஆண்டாண்டாய்ப் பண்ணையார் முன்னால் தலையாட்டிப் பழகிய தலை அது. பத்து வயசுப் பிள்ளையிடம் நோட்டோடு சேர்த்துப் பிரசுரத்தைக் கொடுப்பதும் இதே கதைதான். டியூஷன் ஒரு நாள் நடக்கட்டும், உங்கள் கூட்டம் வேறொரு நாள் நடக்கட்டும். கூட்டத்துக்கு வராத வீட்டுப் பிள்ளைக்கும் அதே நோட்டு கிடைக்கட்டும். அது கிடைக்கிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பிரசுரத்திலும் நாங்கள் பார்த்ததில்லை.

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகும் தலித் இன்றும் வெளியே. இங்கே 3% அருந்ததியர் உள் ஒதுக்கீட்டோடு சேர்ந்த 18% அவருக்கு இல்லை, பிற்படுத்தப்பட்டோரின் 26.5%இல் போய்ப் போட்டிபோட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. இந்த ஆணையை மாற்றச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2007லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் இதைத்தான் சொன்னது. எதுவும் நகரவில்லை.

இதைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தைத் தண்ணீரில் இறக்குவதைத்தான் நாங்கள் ஏமாற்று என்போம். அரிசி கொடுப்பதை அல்ல.

சபைக்குள் போனால் சாதி போய்விடும் என்றும் சொல்லாதீர்கள். 2008ல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது? கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு பிணம். மிஷன் கல்லூரிகளாலும் மருத்துவமனைகளாலும் அதிகம் பலன் பெற்றது மேல்சாதி இந்துக்கள்தான் என்று அம்பேத்கர் அன்றைக்கே குறைபட்டார். உங்கள் கல்லூரி விடுதியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியே விரல் தேய்ந்தவர், ஒரு மாணவனிடம் கேட்டார்: "ஜெபம் பண்ணுங்க தம்பி, வேண்டாங்கல. நாங்க மாறிட்டா பேத்திக்கு சர்ட்டிபிகேட்ல என்ன போடுவாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் பாட்டி என்றான். நல்ல பையன், மழுப்பாமல் சொன்னான். அடுத்த ஞாயிறு அவன் பதிலோடு வருவான் என்று பெரியம்மா இன்னும் காத்திருக்கிறார்.