முறைக் காய்ச்சல் பிடித்த மோட்டார்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை - திருச்சி நாற்கரச் சாலையின் மீது உட்கார்ந்திருக்கும் அந்த ஊர்க்காரர்கள் ரயிலின் ஊதலைக் கேட்க ஆசைப்பட்டால், சுமார் முப்பது கிலோமீட்டர் கிழக்கே அரியலூருக்குத்தான் போயாக வேண்டும். ஆகையினால், பெரம்பலூரில் வீட்டையும் அரியலூரில் உத்தியோகத்தையும் வைத்துக்கொண்ட குடும்பஸ்தருக்கு இரண்டே வழிகள். ஒன்று பஸ், இல்லாவிட்டால் சொந்த வண்டி. சொந்த வண்டி என்றதும் புத்தம் புதியதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கலியாணமான புதிதில் வாங்கியதோ, மாமனார் ஓட்டிச் சலித்து மருமகனிடம் ஒப்படைத்ததோ, ஒரு பழைய மாருதி 800 அது.

1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 14-ஆம் தேதி இந்திரா காந்தி அம்மையார் முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. சென்னை முதலிய 13 பெருநகரங்களில் 2010-லேயே புகை விதிகளினால் விற்பனை நின்றுவிட்டபோதிலும், நம் ஜில்லாக்களில் அதற்குப் பின்னரும் அது விலைபோயிற்று. ஆகக் கடைசியாக வந்த குழந்தைக்கும் இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். சிலிண்டர்கள் மூன்றே மூன்று. இந்த மூன்று என்ற கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை விலக்கிக்கொண்டால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். மூன்று பேர் தூக்கும் பல்லக்கில் அப்படி நடந்தால்?

அதுதான் நடக்கிறது. வண்டி நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டு உதறல், பிறகு ஒன்றுமில்லை. அல்லது காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே வேகம் தானாக ஏறும், தானாக இறங்கும். முன்னதை "மிஸ்ஸிங்" என்றும், பின்னதை "ரேஸ் ஏறி இறங்குகிறது" என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும் அரியலூர்ச் சாலையில், ஒரு லாரியை முந்துவதற்காக வலப்புறம் ஏறிய சமயத்தில் எஞ்சின் இப்படித் தோளை விலக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், இது முறைக் காய்ச்சலைப் போன்றது. வைத்தியர் நாடி பிடிக்கும் நேரத்தில் காய்ச்சல் இராது. மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரை வரையில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். வண்டி பரம சாதுவாக நடந்துகொள்கிறது. என்ன செய்வார், பாவம்! உத்தேசமாக ஒரு சாமானை மாற்றுகிறார். அடுத்த மாதம் இன்னொரு சாமான். இப்படியே பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று வண்டியின் விலையில் பாதிக்குச் சாமான்களை வாங்கிப் போட்டுவிட்டு, உதறலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மெக்கானிக்கின் பேரில் குற்றமில்லை. நோயைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி வண்டிக்காரர். அவரோ "அப்பப்போ இழுக்குது" என்ற இரண்டே வார்த்தைகளில் வாக்குமூலத்தை முடித்துக்கொள்கிறார்.

ஆகவே முதல் மருந்து ஒரு காலணா நோட்டுப் புத்தகம். (காலணாவுக்கு இன்று ஒன்றும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்.) பத்து நாள் இதை எழுத வேண்டும்: உதறல் வந்தபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? எந்த கியர், என்ன வேகம்? ஏற்றமா, சமதரையா? ஏ.ஸி. ஓடிற்றா? மழையா? தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு? கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமென்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு எழுதினால் போதும்.

பத்தாம் நாள் அந்தப் புத்தகம் பேச ஆரம்பித்துவிடும். நின்ற இடத்தில் நன்றாக ஓடி, நாலாவது கியரில் மெதுவாக வரும்போது காலை அழுத்தினால் மட்டும் உதறுகிறதா? பெரும்பாலும் நெருப்புப் பொறியின் கோளாறு. பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாண்டுவதற்கு அதிக மின்சார வேகம் வேண்டும். இற்றுப்போன பிளக் ஒயர் அதைத் தாங்காமல் பக்கத்து இரும்பில் கசியவிட்டுவிடுகிறது. மழை நாளில் அதிகமானால் சந்தேகமே வேண்டாம். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, விளக்கில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், கசிகிற இடத்தில் நீல மின்மினிகள் தெரிவதுண்டு.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லாத உபாயம் இருக்கிறது. எஞ்சின் ஆறியதும் மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிர் காப்பிப் பொடி நிறமானால் சௌக்கியம். கறுத்த புகைக்கரி, பெட்ரோல் அதிகம் என்கிறது. சுண்ணாம்பு வெள்ளை, காற்று அதிகம் என்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே தேய்மானம். அது வேறு கதை, செலவுள்ள கதை. பிறகு சந்தேகத்துக்குரிய பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். உதறலும் கூடவே இடம் பெயர்ந்தால் திருடன் அகப்பட்டான். பெயரவில்லையென்றால் ஒயரை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். ஆனால், ஓடுகிற எஞ்சினில் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கையில் அடிக்கும், அத்துடன், எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலையைக் கேட்டால் பிளக் விலையெல்லாம் தர்மமாகத் தோன்றும். உதறலுடனேயே மாதக்கணக்கில் ஓட்டினாலும் இதே கதிதான்.

வேகம் ஏறி இறங்குவது வேறு ஜாதி வியாதி. முதலில் ஏ.ஸி.யை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் கம்ப்ரெஸர் பிடிப்பதையும் விடுவதையும் எஞ்சின் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்குப் போனவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. அதனால் இல்லையென்றால், கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது. வருஷக்கணக்காக வெந்த வேக்குவம் ரப்பர் குழாய்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை அந்த இணைப்புகளின் அருகே கொண்டுபோனால் "உஸ்" என்ற சத்தம் கேட்கும். விசிறியும் பெல்ட்டும் சுழல்கின்றன. வேஷ்டித் தலைப்பும் துண்டும் ஜாக்கிரதை.

காற்று பில்டரையும் மறக்கக் கூடாது. பல கோடி வருஷங்களுக்கு முன் அரியலூர்ப் பிரதேசத்தின் மேல் கடல் கிடந்தது. சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் இன்றும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புதான் இன்று சிமெண்டாகிறது. சாலையில் தூசியாகப் பறந்து நம் பில்டரிலும் அடைகிறது. புத்தகத்தில் எழுதிய தவணையைப் பார்க்காமல், தூசியைப் பார்த்து மாற்ற வேண்டும்.

இருபது நிமிஷம் நன்றாக ஓடிய பிறகு மூச்சு வாங்கி, ஓரமாக நிறுத்தினால் தானே தெளிகிறதா? நின்றவுடனே பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டுப் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால், தொட்டியின் மூச்சுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அப்படியில்லாமல் ஆற விட்டால் மட்டுமே தெளிகிறதென்றால், சூட்டில் மயங்கி ஆறினால் விழிக்கும் காயிலைச் சந்தேகிக்கலாம். கார்புரெட்டர் வண்டியானால், சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவதும் உண்டு.

கடைசியாகப் பெட்ரோல். 2025 முதல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் கலந்திருக்கிறது. எதனாலில் பிராணவாயு உண்டு. வெறும் பெட்ரோலுக்காக அளவு வைத்த பழைய கார்புரெட்டருக்கு இதனால் காற்று அதிகமான கலவை கிடைக்கிறது. சமவேகத்தில் ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ரப்பரை அது உப்பச் செய்யும், தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து பில்டருக்கு அனுப்பும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மிகுந்தால் எதனாலுடன் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். ஆகவே வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் தொட்டியைக் காலியாக வைக்க வேண்டாம். பெட்ரோல் பில்டரை மாற்றும்போது பழையதைத் தூர எறியாமல், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், ஒரு வெள்ளைத் தட்டில் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். செந்நிறத் துருப்பொடி விழுந்தால், அடுத்த வேலை தொட்டியை இறக்கிக் கழுவுவதுதான்.