"எப்ப வருது சார்?"

நாற்பதில் முனகல், அறுபதில் ஊளை. காரின் முன்சக்கரத்திலிருந்து வருகிறது என்பது வரை தெரிந்தது. எந்தச் சக்கரம் என்பதில்தான் சண்டை. "ரைட்ல வளைஞ்சா சத்தம் ஏறுதுங்க" என்றாள் மனைவி. "அதை விடு, எந்தப் பக்கமிருந்து வருதுன்னு சொல்லு" என்றேன். என் காதுக்கு வலப்பக்கம் என்றே பட்டது.

முதலில் போன வொர்க்‌ஷாப்பில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பில் வந்தது, சத்தம் போகவில்லை. அப்புறம்தான் தெருக்கோடிப் புளியமரத்தடியில் பட்டறை போட்டிருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் ஜாக்கியைத் தொடவே இல்லை. "எப்ப வருது சார்?" என்றார்.

எங்கே என்று கேட்டால் காது பொய் சொல்லிவிடுமாம். சத்தம் இரும்பு வழியே ஓடி வேறெங்கோ வந்து கேட்கும். 'எப்போது' அப்படி ஏமாற்றாது. பிரேக்கை மிதிக்கும்போது கிறீச்சென்றால் பேடைப் பார்க்கலாம். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கையில் டக்டக்டக் என்றால் சிவி ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போயிருக்கும். மெதுவாகப் போகும்போதே சின்னக் குழிக்கெல்லாம் கடகடத்தால் பெரும்பாலும் லிங்க் ராட். மண்ரோட்டில் போய்வந்த கையோடு தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கத்தினால், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஜல்லி சிக்கியிருக்கும். ரிவர்ஸ் எடுத்தாலே சில நேரம் விழுந்துவிடும். டயர் மாற்றிய மறுநாள் தடதடத்தால் மட்டும் யோசிக்கவே கூடாது. அங்கேயே நிறுத்தி நட்டைப் பார்க்க வேண்டும்.

"உங்களது வேகத்தோட ஏறுது. அப்ப டயர், இல்லைன்னா பேரிங். வாங்க, ஓட்டிப் பாத்துடலாம்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஆளில்லாத பைபாஸில் அறுபதைத் தொட்டதும் நியூட்ரல் போடச் சொன்னார். இன்ஜின் அடங்கியும் ஊளை அடங்கவில்லை. தார் ரோடு முடிந்து சிமெண்ட் ரோடு வந்தது. சத்தத்தின் குரல் மாறவில்லை. டயராக இருந்தால் ரோட்டுக்கு ரோடு மாறும் என்றார். பிறகு லேசாக இடப்பக்கம் வளைக்கச் சொன்னார்: குறைந்தது. வலப்பக்கம்: அலறியது.

"லெஃப்ட் பேரிங்."

வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின்மேல் சாய்கிறது. தேய்ந்த பேரிங் அந்தப் பாரத்தில் கத்துகிறது. பட்டறைக்கு வந்து, இடது சக்கரத்தைத் தூக்கி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்மேல் என் கையை வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றினார். மணலை அரைப்பதுபோல் விரல்களில் நறநறத்தது. வலது சக்கரம் வெண்ணெய். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆட்டம் கூடி, சூடேறி, நடுரோட்டில் வேலை வைத்திருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து பெருமையாக விளக்கினேன். "வேற ஒண்ணுமில்ல, ரைட்ல வளைஞ்சா சத்தம் ஏறுச்சு. அதை வெச்சே லெஃப்ட் பேரிங்னு சொல்லிட்டார்!"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"பிரேக் பேடுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"