மாத்திரைச் சீட்டில் காணாமல் போகும் வரி

பார்க்க இது கம்ப்யூட்டர் இழை மாதிரி இருக்கும். ஆனா விசயம் உங்க வீட்டுப் பெரியவங்க மாத்திரை பத்தினது. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

பனமரத்துப்பட்டி பக்கமிருந்து வர்ற நோயாளிகள் டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து காட்டுவாங்க. டாக்டர் மருந்துக்கு ஒரு வரின்னு ஒழுங்காத்தான் டைப் அடிச்சிருப்பார். அச்சாகும்போது எல்லாம் ஒரே பத்தியா ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். உதாரணத்துக்கு ஒண்ணு:

"கிளிமிபிரைடு 1 மி.கி. ஸ்டாப் மெட்பார்மின் 500 மி.கி. 1-0-1"

எதை நிறுத்தணும்? கிளிமிபிரைடையா, மெட்பார்மினையா? டாக்டர் 'ஸ்டாப்'புக்கு அப்புறம் என்ட்டர் தட்டியிருந்தார். அந்த என்ட்டர் போச்சு. சுகர் ரொம்ப இறங்கி அட்மிட் ஆன பெரியவர் வீட்டுக்குப் போய் அதே கிளிமிபிரைடைத் தொடர்ந்தா, மறுபடி சுகர் இறங்கி மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து.

ஏன் இப்படி ஆகுது? இணையப் பக்கங்களோட மொழியான எச்.டி.எம்.எல். விதியே அதுதான். எத்தனை இடைவெளி, எத்தனை என்ட்டர் இருந்தாலும் பிரௌசர் சேர்த்து ஒரே ஒரு இடைவெளியாத்தான் காட்டும். சேமிச்ச எழுத்தில் என்ட்டர் பத்திரமா இருக்கும், காட்டும்போதுதான் மறையும். சரிபண்ண, அந்தப் பகுதியின் சி.எஸ்.எஸ்.ஸில் 'ஒயிட்-ஸ்பேஸ்: ப்ரீ-லைன்'னு ஒரே ஒரு வரி போதும்.

சிலர் அவசரத்துக்கு என்ட்டரையெல்லாம் 'பி.ஆர்.' குறியா மாத்திச் சேமிச்சிடறாங்க. அப்புறம் எஸ்.எம்.எஸ்.ஸில் மாத்திரைப் பேருக்கு நடுவுல அந்தக் குறியே வந்து நிக்கும். வந்ததை வந்தபடியே சேமிங்க, காட்டும்போது மட்டும் பிரிச்சுக் காட்டுங்க. என்னைக் கேட்டா, மருந்துப் பட்டியலுக்கு இந்தக் காலிப் பெட்டியே வேண்டாம். மருந்து, அளவு, வேளை, எத்தனை நாள்னு தனித்தனிக் கட்டமா இருக்கணும்.

ஊர்ப் பேரிலேயே பனை இருக்கறதால ஒண்ணு சொல்றேன். ஓலைச்சுவடியில் செய்யுளை அடி பிரிச்சு எழுத மாட்டாங்க, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது. 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்ச உ.வே.சா. மாதிரியானவங்க அதைப் பிரிச்சுப் படிக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவ்வளவு பெரிய புலவருக்கே கஷ்டம்னா, கண்புரையோட இருக்கற பாட்டி என்ன செய்யும்?

அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைக் கவனிக்கிற ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு, 'இன்டெரால்40'னு ஒட்டி எழுதினா 140னு படிக்கப்படலாம்னு எச்சரிக்குது. இங்கிலீஷ் 'எல்' எழுத்து 1 மாதிரி தெரியுமே, அதான். அங்க தொலைஞ்சது ஒரே ஒரு இடைவெளி!

மருந்துப் பேரைத் தெளிவா, முடிஞ்சவரை பெரிய எழுத்தில் எழுதணும்னு 2016லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்துச்சு. எங்க கையெழுத்தைக் கிண்டல் பண்ணுங்க, நியாயம்தான். ஆனா சாஃப்ட்வேர் அச்சடிக்கற தாளையும் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒருதடவை வாசிச்சுப் பார்க்கணும்ல?

அதுவரைக்கும், டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ்கிட்ட சீட்டை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு மருந்துக்கும் நடுவுல பேனாவால் கோடு போட்டு வாங்கிக்கங்க. நிறுத்தச் சொன்னது எதுன்னு கேட்டு வட்டம் போடுங்க. வீட்டுக்குப் போனதும் அந்த மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துடுங்க.