விலை குறைவு சரி, கோணமுமா குறைய வேண்டும்?

90 டிகிரி என்பது பேரம் பேசி முடிவு செய்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு கிலோ தக்காளியில் ஐம்பது கிராம் குறைந்தால் தராசைக் காட்டிச் சண்டை போடலாம். செங்கோணத்தில் ஒரு டிகிரி குறைந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மலிவு விலையில் ஒரு சின்ன சாண்டிங் மெஷின் வாங்கி வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களின் அன்றாட வயிற்றெரிச்சல் இதுதான்.

மெஷினைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாலு அங்குல அகலமும் முப்பத்தாறு அங்குலச் சுற்றளவும் உள்ள உப்புத்தாள் பெல்ட் ஒன்று. பக்கவாட்டில் உப்புத்தாள் ஒட்டிய ஆறு அங்குல வட்டத் தட்டு. இரண்டையும் சுழற்ற ஒரே மோட்டார். வட்டத் தட்டுக்கு முன்னால் மரத்தை வைத்துத் தள்ளுவதற்கு உள்ளங்கை இரண்டை விரித்த அளவில் ஓர் அலுமினிய டேபிள். அதில் ஒரு காடி. மரத்தைக் கோணம் பிடித்துத் தள்ள, காடியில் ஓடும் மைட்டர் கேஜ். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ‘துல்லியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அச்சடித்த அந்த எழுத்து மட்டும்தான் நேராக இருக்கிறது.

மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிஷத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் சளைக்காமல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஆறு அங்குலத் தட்டின் விளிம்பு நிமிஷத்துக்கு 650 மீட்டருக்கு மேல் ஓடும். 80-ஆம் நம்பர் தாள் தேக்கைக்கூட நொடியில் தின்றுவிடும். ஆனால் கோணம் சரியாக இருக்கும் மெஷின் எவ்வளவு வேகமாக வேலையை முடிக்குமோ, கோணம் தப்பான மெஷினும் அதே வேகத்தில் தப்பை முடித்துக் கையில் கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது வகை.

“ஒரு டிகிரியெல்லாம் ஒரு விஷயமா?” என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 50 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டையின் முனையை ஒரு டிகிரி சாய்வில் தேய்த்தால், மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். படச் சட்டத்துக்கு வந்தால் இன்னும் மோசம். நாலு மூலை, எட்டு முனை, ஒவ்வொன்றும் 45 டிகிரி. ஒவ்வொரு முனையிலும் கால் டிகிரி மட்டும் ஒரே பக்கமாகத் தப்பினால், எட்டும் சேர்ந்து 2 டிகிரி. மூன்று மூலைகளை அழகாக ஒட்டிவிடலாம். நாலாவது மூலை அத்தனை பிழையையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு வாயைப் பிளக்கும். 30 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அந்தப் பிளவு கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். மரத்தூளையும் பசையையும் குழைத்து அதை அடைக்கலாம். பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் படத்தில் இருக்கும் தாத்தாவைப் பார்க்காமல் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள்.

சரி, பிழை எங்கே இருக்கிறது? எங்கே இல்லை என்று கேட்பது சுலபம்.

முதலில் டேபிள். அதைத் தாங்குவது ஒரு பக்கத்தில் மட்டும் ஓர் அரைவட்டத் தகடு, அதில் ஒரு கைத்திருகு. இன்னொரு பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. மரத்தை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் அந்தரத்துப் பக்கம் பணிந்து கொடுக்கும். கோணம் காட்ட ஒரு ஸ்டிக்கர் அளவுகோல் ஒட்டியிருக்கிறார்கள். அதன் பூஜ்யத்துக்கும் உண்மையான பூஜ்யத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அளவுகோலை மறந்துவிட்டு, மின்இணைப்பைப் பிடுங்கி, நல்ல மூலைமட்டம் ஒன்றை டேபிள்மேல் நிறுத்தித் தட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரியாத இடத்தில் திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே டேபிள் நகரும். நகர்ந்ததைச் சரிசெய்தால் திருகு தளரும். 90 டிகிரியில் டேபிள் போய் முட்டி நிற்க ஒரு சின்ன ஸ்டாப் போல்ட் வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. ஒரு துளை, ஒரு மரை, ஒரு போல்ட், ஒரு நட். அதைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியில் நாமே ஷிம், அதாவது மெல்லிய அண்டைத் தகடு, வைக்க வேண்டியிருக்கிறது. குளிர்பான அலுமினிய டின்னை வெட்டினால் சுமார் 0.1 மில்லிமீட்டர் தகடு கிடைக்கும். அதற்கும் மெல்லியது வேண்டுமானால் சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற ஃபாயில். டேபிளுக்கும் தாங்கிக்கும் நடுவே அதை மடித்துச் செருகி, மறுபடி மூலைமட்டம், மறுபடி வெளிச்சம். “ஃபாயில் ரோல் எங்கே போச்சு?” என்று உள்ளே இருந்து குரல் வரும்போது பதில் சொல்ல வாய் வராது.

அடுத்து வட்டத் தட்டு. அது ஒரே தளத்தில் சுற்ற வேண்டும். இது தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. டயல் கேஜை டேபிள்மேல் அசையாமல் நிறுத்தி, அதன் முள் தட்டின் விளிம்பருகே தொடும்படி வைத்து, தட்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் எவ்வளவு ஆட்டம் என்று தெரிந்துவிடும். இதில் இன்னொரு வேதனை உண்டு. தட்டு ஆடும்போது மூலைமட்டம் சொல்வதை முழுக்க நம்ப முடியாது. தட்டின் எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறீர்களோ, அந்த இடத்தின் கோணத்தைத்தான் அது சொல்லும். சுற்றும்போது மரத்தைத் தின்பது மேடான இடம். அதனால் உண்மையான சோதனை மரத்தில்தான். ஒரே கனமுள்ள இரண்டு துண்டுகளின் முனையைத் தேய்த்து, தேய்க்கும்போது டேபிளைத் தொட்டிருந்த முகமே கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடிமேல் முனையோடு முனை ஒட்டி வையுங்கள். மேலேயோ கீழேயோ இடைவெளி தெரிந்தால் அது பிழையின் இரட்டிப்பு. இரண்டு மடங்கு காட்டுவதால் கண்ணுக்குத் தப்பாது. மனசுக்கும் இரண்டு மடங்கு வலிக்கும்.

மைட்டர் கேஜைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. காடிக்குள் அது லொடலொடவென்று ஆடுகிறது. 150 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் கோணத்தில் சுமார் 0.2 டிகிரி போய்விடும். படச் சட்டத்தின் நாலாவது மூலையைத் திறக்க அதுவே போதும். வேறு நல்ல கேஜ் வாங்கிப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெரிய மெஷின்களில் காடி முக்கால் அங்குல அகலம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இந்தச் சின்ன மெஷினில் காடி எந்த வழக்கத்துக்கும் கட்டுப்படாத தனி அளவு. கம்பியின் பக்கவாட்டில் பஞ்ச் வைத்து அங்கங்கே தட்டினால் உலோகம் லேசாகப் புடைத்து ஆட்டம் குறையும். சரி, அப்படியே குறைத்தாலும் காடியாவது தட்டுக்கு இணையாக இருக்கிறதா? ஒரு முனையில் தட்டுக்கு நெருக்கம், மறுமுனையில் விலகல். கேஜைத் தள்ளத் தள்ள மரம் தட்டைவிட்டு ஒதுங்கிப் போகிறது.

பெல்ட் பக்கம் போனால் அங்கே வேறு கதை. பெல்ட்டுக்குப் பின்னால் தாங்கி நிற்கும் தகடு சமதளமாக இருக்க வேண்டும். இங்கே அது மெல்லிய தகட்டை அழுத்தி எடுத்தது, நடுவில் தொப்பை போட்டிருக்கிறது. அதன்மேல் தேய்த்த கட்டையின் விளிம்பில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் ஓடுகிறது. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதைத் திருப்ப ஒரு குமிழ் உண்டு. அதைத் தொட்டால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறதே ஒழிய நடுவில் நிற்பது என்பது அதன் ஜாதகத்தில் இல்லை. மலிவு பெல்ட்டின் ஒட்டு வேறு மேடாக இருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டப் டப்’ என்று மரத்தை அறைகிறது.

தூசியையும் சொல்லியாக வேண்டும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. இந்த மெஷினில் தூசி வெளியேற ஒரு வாய் இருக்கிறது. வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாய் அதில் மாட்டாது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன், மாட்டியது. கோணத்தைச் சரிபார்க்க ஒரே துண்டைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறவன் அத்தனை தூளையும் சுவாசிக்கிறான் என்பதை யோசியுங்கள். துல்லியம் இல்லாத மெஷின் மரத்தோடு நுரையீரலையும் சேர்த்துத்தான் வீணாக்குகிறது.

கடையில் போய்ச் சொன்னேன். “இந்த ரேட்டுக்கு இவ்வளவுதாங்க வரும்” என்றார் கடைக்காரர். தெரிந்த லேத் பட்டறையில் டேபிளையும் தட்டையும் ஒரு தடவை சமமாகச் சீவித் தர முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க, மெஷின் வெலையில பாதிக்கு என்ரகிட்ட வேலை வெச்சுட்டு வந்திருக்கீங்க!” இது நடப்பது எங்கே? கோவையில். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்துகாட்டிய ஊரில். தெருவுக்கு ஒரு லேத், பேட்டைக்கு ஒரு பவுண்டரி. பம்ப்செட் ஷாஃப்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பாமல் கடைகிறவர்கள் இங்கே டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த மெஷினுக்கு நான் குளிர்பான டின்னை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

மலிவாக விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மலிவு மெஷின் வந்ததால்தான் பட்டறை வைக்க வசதியில்லாதவர்களும் வீட்டில் ஒரு பெட்டி, ஒரு சட்டம், ஒரு பொம்மை செய்து பார்க்க முடிகிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரும் நான் கேட்கவில்லை. சின்ன மோட்டார் வையுங்கள், பெயின்ட்டைக் குறையுங்கள், பிளாஸ்டிக் கைப்பிடி போடுங்கள், பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் சாண்டிங் மெஷின் என்பதே கோணத்தையும் தளத்தையும் சரிசெய்வதற்கான பொருள். அதில் கோணத்தையும் தளத்தையும் குறைத்துவிட்டு மிச்சத்தை விற்றால், நாங்கள் வாங்குவது என்ன? தொழிற்சாலையில் ஒரு தடவை செய்யாமல் விட்ட வேலையை, வாங்கிய ஒவ்வொருவனும் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துச் செய்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் விலை எந்த பில்லிலும் வருவதில்லை. அதனால்தான் மெஷின் மலிவாகத் தெரிகிறது.

பெரிய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இயந்திரங்களை எப்படிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927-லேயே புத்தகம் போட்டுவிட்டார். நல்ல லேத் ஒன்று வாங்கினால் எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் ஆட்டம் என்று குறித்த சோதனைத் தாள் இன்றும் கூடவே வருகிறது. நம் நாட்டிலும் பொட்டலப் பொருள்களுக்கு 2011 சட்டமுறை எடையளவு விதிகள் இருக்கின்றன. அதிகபட்ச விலை, எண்ணிக்கை, இறக்குமதி செய்தவர் முகவரி எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். என் பெட்டியில் எல்லாம் இருக்கிறது. டேபிள் எத்தனை டிகிரிக்குள் நிற்கும், தட்டு எவ்வளவு ஆடும் என்ற இரண்டு வரி மட்டும் இல்லை. அந்த இரண்டு வரியை அச்சிடக் கூடுதலாக எவ்வளவு மை செலவாகிவிடும்?

அதுவரைக்கும், ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வது இது. அந்த டேபிளோடு மல்லுக்கட்டாதீர்கள். அதன்மேல் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரு பெரிய டேபிள் செய்து இறுக்குங்கள், அந்தரத்துப் பக்கத்துக்கு அடியில் ஒரு முட்டு கொடுங்கள். தட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், சின்னத் துண்டுகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இருக்கிற காடியை மறந்துவிட்டு, தட்டுக்கு இணையாகப் புதிய காடி எடுத்து, அதில் ஆட்டமில்லாமல் ஓட ஒரு தேக்கு ரீப்பர் போடுங்கள். ரீப்பர்மேல் 45 டிகிரிக்கு அசையாத தடுப்பு ஒன்றை ஆணியும் பசையும் வைத்து நிறுத்திவிட்டால் மைட்டர் கேஜைப் பரணில் போட்டுவிடலாம். தட்டின் கீழ்நோக்கிச் சுற்றும் பாதியில் மட்டும் தேயுங்கள், மறுபாதி மரத்தைத் தூக்கி எறியும். தாளில் பிசின் அடைத்தால் தூக்கிப்போடாமல், பழைய கிரேப் ரப்பர் செருப்பு அடியை ஓடும் தாளில் வைத்து அழுத்துங்கள், சுத்தமாகிவிடும். இவ்வளவும் செய்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்யும். என்னுடையது இப்போது செய்கிறது.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கடைக்குப் போகும்போது பணத்தோடு ஒரு மூலைமட்டமும் எடுத்துப் போங்கள். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, டேபிள்மேல் வைத்து, கடைக்காரர் கண்முன்னாலேயே வெளிச்சம் பாருங்கள். சரியில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் இப்படித் திரும்பி வந்தால், அந்த ஸ்டாப் போல்ட் தானாக முளைக்கும்.