மூக்கு மரத்துப்போன பிறகு



பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள் 'சால்ட்' கண்டுபிடித்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். சல்ஃபைடு உப்பில் அமிலத்தை விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். லெட் அசிடேட்டில் நனைத்த காகிதத்தைக் குழாயின் வாயில் காட்டினால் பளபளவென்று கறுத்துவிடும். மதிப்பெண் வாங்கியதோடு நாம் விட்டுவிட்ட அந்தத் துண்டுக் காகிதத்தின் வாரிசுகளைப் பற்றித்தான் இந்த இதழின் சிறப்புக் கட்டுரை.

அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு விசித்திரமான வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்கு கண்டுபிடித்துவிடும். அதுவே 100 பங்கை எட்டினால், சில நிமிடங்களில் மோப்பம் மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கத் தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுகிறார். பாதாளச் சாக்கடையில் ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டார் என்று செய்தி படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். காகிதத்துக்கு மரத்துப்போகும் வியாதி கிடையாது.

பாஸ்ஜீன் என்ற வாயு இதைவிடக் கள்ளமானது. முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், பெல்ஜியத்தின் ஈப்ரே அருகே ஜெர்மானியர்கள் அதைக் குளோரினோடு கலந்து ஏவினார்கள். புதிதாக அறுத்த புல்லின் வாசனை. சுவாசித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். போர் ஓய்ந்தும் அது போகவில்லை. பாலியூரித்தேன், பாலிகார்பனேட் ஆலைகளுக்கு இன்றும் அது வேண்டும். போபாலில் 1984-ல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டைத் தயாரிக்கவும் அங்கே பாஸ்ஜீன்தான் மூலப்பொருள்.

பாஸ்ஜீனைப் பிடிக்க வேதியியலாளர்கள் செய்யும் ஒளிரும் மூலக்கூறுகள் என்னை மிகவும் கவர்ந்தன. ஒரு முனை ஒளிரக்கூடியது. மறுமுனையில் அமீன் என்ற வேதித் தொகுதி. அமீன் தன் எலக்ட்ரானை ஒளிரும் பக்கம் தள்ளித் தள்ளி, அதை அணைத்தே வைத்திருக்கும். பாஸ்ஜீன் வந்து அமீனோடு பிணைந்துகொண்டால் தள்ளுவதற்கு ஆளில்லை. புற ஊதா விளக்கின் கீழ் அந்த மூலக்கூறு பூசிய தாள் சட்டென்று ஒளிர்கிறது. காகிதம் கறுப்பதைக் காண்பது பகலில் ஏற்றிய அகலைத் தேடுவது போல என்றால், இது நடுநிசியில் ஏற்றிய அகல். அதனால்தான் மிகச் சொற்ப அளவு வாயுவும் தப்புவதில்லை. இந்த 'ஏற்றி அணைக்கும்' வடிவமைப்பை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பிரசன்னா டி சில்வா.

சிக்கலும் உண்டு. வேறொரு வாயு வந்து ஏமாற்றிவிடலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் குழு இதற்கு வேறு வழி பிடித்தது. ஒரே சாயத்தை நம்பாமல் பல சாயங்களைப் புள்ளி புள்ளியாக அட்டையில் வைத்து, எல்லாம் சேர்ந்து மாறும் கோலத்தைப் படிப்பது. கட்டுரையில் அதன் வண்ணப் படங்கள் இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இவை எதுவும் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. மேலே இருக்கும்போது வெளுப்பாக இருந்த காகிதம், உள்ளே சகதியைக் கிளறியதும் கறுத்துவிடும். வாயு சகதிக்குள்தான் அடைந்து கிடக்கிறது. தகுந்த பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் ஆள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வாசகர்களில் உள்ளாட்சிகளிலும் ஆலைகளிலும் பணிபுரிவோர் இருப்பீர்கள். உங்கள் இடத்தில் வாயு அளக்கும் கருவி இருக்கிறதா, அது யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்